வீட்டு நாஸ்: எந்த மென்பொருள் என்பதை டிஸ்க்கே சொல்லிவிடும்

ட்ரூநாஸ் போடுவதா, ஓப்பன்மீடியாவால்ட் போடுவதா, காசு கொடுத்து அன்ரெய்ட் வாங்குவதா? வீட்டில் ஒரு சேமிப்பு சர்வர் (நாஸ்) வைக்க நினைக்கும் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். டிஸ்க்கைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கையில் ஹார்ட் டிஸ்க் எத்தனை இருக்கிறது? ஒவ்வொன்றும் எத்தனை டெராபைட்? மதர்போர்டில் எந்த வழியாகச் சேர்கிறது? இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் இடம் போதாமல் போனால் எப்படிக் கூட்டப் போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் வீடியோ, பழைய ஆவணங்கள், கொஞ்சம் சினிமா என்ற அளவு வேலைக்கு சர்வர் தரத்துப் பாகங்கள் தேவையே இல்லை. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலும் கரோசல் விற்பனைத் தளத்திலும் கிடைக்கும் சாதாரணப் பாகங்கள் போதும். ஆனால் அப்படிக் கட்டும் நாஸ் பழுதாகும்போது, பெரும்பாலும் காரணம் ஐந்து பத்து வெள்ளிப் பொருளாகவே இருக்கிறது: கரண்ட் கொடுக்கும் ஒரு வயர், டிஸ்க்கை இணைக்கும் ஒரு சாட்டா கார்டு, ஒரு பென் டிரைவ். இந்தப் பதிவில் அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த டிஸ்க்குக்கு எந்த மென்பொருள்

ஒரே அளவுள்ள புது டிஸ்க் இரண்டு அல்லது நான்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் ட்ரூநாஸ். 2005இல் ஃப்ரீநாஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது லினக்ஸ் அடிப்படையில் கம்யூனிட்டி எடிஷன் என்று இலவசமாகக் கிடைக்கிறது. இதன் பலம் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை. எழுதும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைச் சேர்த்து வைக்கிறது. படிக்கும்போது எண் ஒத்துப்போகாவிட்டால், மறு டிஸ்க்கில் உள்ள நல்ல பிரதியை எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். பத்து ஆண்டு கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போது பாதி சாம்பல் நிறமாகத் தெரிவதைத் தடுப்பது இந்த வசதிதான். ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து வருகிறது: தவறுதலாக அழித்த ஃபோல்டரை நேற்றைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

ட்ரூநாஸ் கேட்பது குறைந்தது 8 ஜிபி ரேம். ஆப்களும் ஓட்டுவதென்றால் 16 ஜிபி வையுங்கள். அதோடு நிறுவுவதற்கென்று தனி டிஸ்க் ஒன்று வேண்டும், 16 ஜிபி இருந்தால் போதும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றில் நிறுவிவிட்டு, மிச்ச இடத்தில் படங்களை வைக்கலாம் என்று நினைப்பார்கள். வைக்க முடியாது; பூட் டிஸ்க் முழுவதையும் அது தனக்கே எடுத்துக்கொள்ளும். சிறிய பழைய எஸ்எஸ்டி ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். பென் டிரைவில் நிறுவ வேண்டாம். ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் சில மாதங்களிலேயே செத்துவிடும்.

அளவு ஒத்துப்போகாத டிஸ்க்குகள் வீட்டில் கிடக்கின்றன, 4 டெராபைட் ஒன்று, 6 ஒன்று, 8 ஒன்று என்றால் ட்ரூநாஸ் உங்களுக்கு ஒத்துவராது. இசட்எஃப்எஸ் ஒரு தொகுப்பில் இருப்பவற்றுள் மிகச் சிறிய டிஸ்க்கின் அளவைத்தான் எல்லாவற்றிலும் கணக்கில் எடுக்கும். இந்த நிலைமைக்கு ஓப்பன்மீடியாவால்ட் அல்லது அன்ரெய்ட்.

ஓப்பன்மீடியாவால்ட் ஃபோல்கர் தைலே தொடங்கிய திட்டம். ஃப்ரீநாஸில் வேலை செய்தவர் அவர். 2011இல் முதல் வெளியீடு. டெபியன் லினக்ஸ் மேல் உட்காரும், இலவசம், 2 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டியிலும் ஓடும். இதில் மெர்ஜர்எஃப்எஸ் என்ற செருகுநிரல் பல டிஸ்க்கை ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஸ்னாப்ரெய்ட் ஒரு டிஸ்க்கை பாரிட்டிக்கு (இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் தகவலுக்கு) ஒதுக்கிக்கொண்டு, மற்றவற்றில் ஒன்று செத்தால் மீட்டுத் தரும். பாரிட்டி டிஸ்க் எல்லாவற்றிலும் பெரியதாகவோ பெரியதற்குச் சமமாகவோ இருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று டிஸ்க்கில் 8 பாரிட்டிக்குப் போகும், 10 டெராபைட் உங்களுக்குக் கிடைக்கும். ஒரு குறையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: ஸ்னாப்ரெய்ட் உடனுக்குடன் காக்காது. இரவில் ஒருமுறை ஒத்திசைவு ஓடும். அதற்குப் பிறகு சேர்த்தவை அடுத்த ஓட்டம் வரை பாதுகாப்பில்லாமல் இருக்கும். இடையில் நிறையக் கோப்புகளை அழித்திருந்தால், மற்ற டிஸ்க்கை மீட்பதும் அரைகுறையாகும். சினிமாவுக்கும் பாட்டுக்கும் நல்ல ஏற்பாடு. தினமும் மாறும் அலுவல் கோப்புகளுக்கு வேண்டாம். இதில் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு: எந்த டிஸ்க்கையும் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் செருகினால் அதிலுள்ள கோப்புகள் அப்படியே தெரியும்.

அன்ரெய்டும் இதே வகைதான், ஆனால் பாரிட்டி எழுதும்போதே புதுப்பிக்கப்படும். அதற்கு விலை வேகம். முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும் கேஷ் எஸ்எஸ்டி இல்லாமல் நேரடியாக எழுதினால் டிஸ்க்கின் இயல்பு வேகத்தில் பாதிகூட வராது. 2024 மார்ச்சில் உரிம முறையை மாற்றி, 6 டிஸ்க் வரையிலான ஸ்டார்ட்டருக்கு 49 அமெரிக்க டாலர், அன்லீஷ்டுக்கு 109, வாழ்நாள் உரிமத்துக்கு 249 என்று வைத்தார்கள். முதல் இரண்டுக்கும் ஓராண்டுக்குப் பிறகு புதிய பதிப்புகள் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். திரையும் மெனுவும் மூன்றிலும் எளிது இதில்தான். கொடுக்கிற காசுக்குத் தகும்.

இவை எதுவும் வேண்டாம், பெட்டியை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்பவருக்கு சைனாலஜி அல்லது அதுபோன்ற இரண்டு டிஸ்க் பெட்டி. வெட்கப்படத் தேவையில்லாத தேர்வு அது. வீட்டில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் கணினி தெரியாது, நீங்களும் மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டு வேலையில் இருப்பீர்கள் என்றால் அதுவே சரி. வாங்கும் முன் அந்த மாடல் எந்த டிஸ்க்குகளை ஏற்கும் என்று பாருங்கள். சைனாலஜி 2025ஆம் ஆண்டுப் பிளஸ் மாடல்களில் தன் சொந்த டிஸ்க்குகளையே வலியுறுத்தியது. எதிர்ப்பு வந்தபின் அதே ஆண்டு அக்டோபரில் தன் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்போடு தளர்த்தியது.

பழைய பிசி போதுமா

போதும், மின்கட்டணத்தைக் கணக்குப் போட்ட பிறகு. 24 மணி நேரமும் ஓடும் கருவியில் 1 வாட் என்பது ஆண்டுக்கு 8.76 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் வாட்டுக்கு ஆண்டு முழுதும் சுமார் 2 வெள்ளி 60 காசு. இன்டெல் என்100 சில்லு உள்ள சிறு பெட்டி இரண்டு டிஸ்க்கோடு 20 முதல் 25 வாட்டில் ஓடும். ஆண்டுக்கு 66 வெள்ளிக்குள் முடிந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டோடு இருக்கும் பழைய கேமிங் பிசி சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுத்தால் 180 வெள்ளிக்கு மேல். மூன்று ஆண்டில் அந்த வித்தியாசத்திலேயே இன்னொரு பெட்டி வாங்கிவிடலாம். கார்டைக் கழற்றிவிட்டு, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் பிராசசரில் ஓட்ட முடிந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல்லின் குவிக் சிங்க் இருந்தால், சினிமா பார்க்கும் ஆப்பான ஜெல்லிஃபினில் வீடியோ மாற்றும் வேலைக்கும் அதுவே போதும்.

அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்பி, லெனோவோ சிறு டெஸ்க்டாப்புகள் தொடக்கத்துக்கு நல்லவை. எட்டாம் தலைமுறை ஐ5 என்றால் தாராளம். வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றுக்கு மட்டுமே இடம். பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். சாட்டாவுக்கு வரும் மின் இணைப்பும் மதர்போர்டிலிருந்து வரும் தனி வயர். கைக்குள் அடங்கும் ஒரு லிட்டர் மினி பிசியில் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமே இல்லை. அதை வாங்கினால் டிஸ்க்கை வெளியே வைக்கும் யுஎஸ்பி பெட்டிதான் கதி.

யுஎஸ்பி பெட்டிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, காரணம் மூன்று. சுமை கூடும்போது அவற்றில் உள்ள பிரிட்ஜ் சில்லு நொடி நேரம் துண்டித்துக்கொள்ளும். இசட்எஃப்எஸ் அதை டிஸ்க் செத்ததாக எடுத்துக்கொண்டு தொகுப்பிலிருந்து தள்ளிவிடும். இரண்டாவது, சில பெட்டிகள் உள்ளே இருக்கும் எல்லா டிஸ்க்குக்கும் ஒரே சீரியல் எண்ணைக் காட்டும். ட்ரூநாஸ் அவற்றைச் சேர்க்க மறுக்கும். மூன்றாவது, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரங்கள் வெளியே வராமல் போகலாம். பேக்கப் எடுக்க ஒற்றை யுஎஸ்பி டிஸ்க் செருகுவது வேறு விஷயம், அது நல்லதே. ராஸ்பெர்ரி பை 5இலும் இதே சிக்கல் உண்டு. ஓப்பன்மீடியாவால்ட் அதில் ஓடும். ஆனால் அதற்கான 27 வாட் அடாப்டர் இல்லாவிட்டால் யுஎஸ்பி போர்ட்டுகள் மொத்தமாக 600 மில்லி ஆம்பியர்தான் தரும், வெளி டிஸ்க் தடுமாறும்.

சாட்டா போர்ட் எண்ணிக்கையை மதர்போர்டு கையேட்டில் சரிபாருங்கள். பல நுகர்வோர் போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். டிஸ்க் தெரியவில்லை என்று வயரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். போர்ட் போதாவிட்டால் ஏஎஸ்எம்1166 (6 போர்ட்) அல்லது ஜேஎம்பி585 (5 போர்ட்) சில்லு உள்ள கார்டு வாங்குங்கள். மலிவாக 8 போர்ட், 10 போர்ட் என்று விற்பவற்றுள் பலவற்றில் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர் ஒளிந்திருக்கும். ஒரு டிஸ்க் தடுமாறினால் கூட இருப்பவை எல்லாம் சேர்ந்து காணாமல் போகும். எல்எஸ்ஐ 9207 போன்ற சர்வர் கார்டுகள் உறுதியானவை. ஆனால் சர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை, ரெய்ட் நிலையில் வரும் கார்டு என்றால் டிஸ்க்கை நேராகக் காட்டும் ஐடி நிலைக்கு மாற்றியிருக்க வேண்டும், 10 வாட் அளவுக்குக் கூடுதலாக இழுக்கும். நான்கு டிஸ்க் வீட்டுக்கு அவை மிகை.

மின் வயரில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடியிருக்கும் வகையைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த படங்கள் இணையத்தில் ஏராளம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக அழுத்திச் செருகப்பட்ட வகை பரவாயில்லை. பவர் சப்ளையோடு வந்த சாட்டா வயரே எல்லாவற்றிலும் நல்லது.

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளுக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை, அதாவது கிட்டத்தட்ட 25 வாட், இழுக்கும். நான்கு டிஸ்க் என்றால் 100 வாட். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சிறு நாஸ் பெட்டிகளோடு 60 வாட் அடாப்டர் வந்திருந்தால், பவர் போட்டவுடன் ஒரு டிஸ்க் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் இல்லாத அடாப்டரை இரவும் பகலும் ஓடும் கருவிக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் வேண்டுமா என்ற விவாதம் முடிவில்லாதது. இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக வீட்டு நாஸை ஒத்திப்போடத் தேவையில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வேலை செய்யுங்கள்: பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற வேகக்கூட்டலை அணைத்துவிடுங்கள், நிறுவும் முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது

சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) வகை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்குகளில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றை மாற்றி எழுத அடுத்தவற்றையும் எழுத வேண்டும். சாதாரண நாளில் தெரியாது. செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிதைப் போட்டுத் தொகுப்பை மீட்கும் நாளில் மணிக்கணக்கு நாட்கணக்காகும், சில சமயம் பிழையோடு நின்றுவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு ரெட் பிளஸ் என்ற பெயரில் சிஎம்ஆரைத் தனியாகப் பிரித்தார்கள். ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். சீகேட் பாராகுடா டெஸ்க்டாப் வரிசையில் பல எஸ்எம்ஆர். விலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கடையில் லோக்கல் செட்டா (உள்ளூர் உத்தரவாதம் உள்ளதா), எக்ஸ்போர்ட் செட்டா (வெளிநாட்டுக்கானதா) என்று கேளுங்கள். டிஸ்க் என்பது உத்தரவாத காலத்துக்குள் மாற்ற வேண்டி வரக்கூடிய பொருள். இங்கேயே மாற்றித் தர ஆள் இருப்பதற்கு இருபது முப்பது வெள்ளி கூடுதலாகக் கொடுக்கலாம். 2012 செப்டம்பரில் வந்த, குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழைய பொருள் விற்கும் கடைக்கும் அது பொருந்தும். கரோசலில் தனிநபர் விற்பதற்குப் பொருந்தாது.

பயன்படுத்திய டிஸ்க் வாங்கினால் ஓடிய மணி நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். 2025 தொடக்கத்தில், முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் எண்களை அழித்துப் புதிதாக விற்கப்பட்டது அம்பலமானது. சீகேட்டில் ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு உண்டு, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கும். இரண்டிலும் மணி நேரம் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

புதிதோ பழையதோ, தரவு ஏற்றும் முன் ஸ்மார்ட் நீளச் சோதனை ஓட்டுங்கள். 8 டெராபைட்டுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள்: 5, 197, 198 என்று எண்ணிட்ட மூன்றிலும் கணக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். 199இன் கணக்கு கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை, சாட்டா வயரை மாற்றினால் நின்றுவிடும். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுபவர்கள் இந்த 199ஐப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கே வைப்பது

வீவக அடுக்குமாடி வீடுகளில் பலர் கையைக் காட்டுவது பாம் ஷெல்டர் என்ற கான்கிரீட் பாதுகாப்பு அறையை. ஃபைபர் பெட்டிக்கு அருகில் இருக்கும், சத்தம் வெளியே வராது. ஆனால் இரும்புக் கதவை மூடினால் காற்றோட்டம் குறைவு. வெளியே 32 டிகிரி இருக்கும் மதியத்தில் உள்ளே நான்கு டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டுவது எளிது. டிஸ்க்குக்கு 45க்குக் கீழ் இலக்கு வையுங்கள். டிஸ்க்குகளுக்கு நேராக 120 மில்லிமீட்டர் மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுழன்றால் போதும். பெட்டியின் பின்பக்க விசிறி மட்டும் இருந்தால் காற்று டிஸ்க்கைத் தொடாமலே வெளியேறிவிடும். ரவுட்டரையும் அங்கேயே வைத்துவிடாதீர்கள்: தடித்த கான்கிரீட் சுவர் வைஃபையை விழுங்கிவிடும். வயருக்காக அந்தச் சுவரை உடைக்கவும் அனுமதி இல்லை. வரவேற்பறையில் டிவி மேசையின் திறந்த தட்டு இதைவிட நல்ல இடம்.

நாஸை ரவுட்டரோடு வயரில் இணையுங்கள். வீட்டு இணையம் 10 ஜிகாபிட் என்பதற்காக நாஸ் வேகமாகிவிடாது. ஜிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 110 எம்பி சொச்சம், 2.5 ஜிகாபிட்டில் 280 வரை. ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே 200 எம்பி சுற்றித்தான் தரும் என்பதால், 2.5க்கு மேல் செலவழிக்க வீட்டில் காரணம் அபூர்வம்.

சிங்கப்பூரில் மின்வெட்டு அரிது. ஆனால் பழைய கெட்டில் ஒன்று மெயினைத் தட்டிவிட்டால் வீடு முழுக்கப் போகும். நாஸுக்கு இரண்டும் ஒன்றே. யுஎஸ்பி போர்ட் உள்ள சிறு யுபிஎஸ் வாங்கி நாஸில் செருகி, பேட்டரி குறைந்தால் தானே அணையும்படி வையுங்கள். மூன்று மென்பொருளிலும் அந்த வசதி உண்டு. நமது வெப்பத்தில் யுபிஎஸ் பேட்டரி மூன்று நான்கு ஆண்டுதான் தாங்கும், மாற்றும் தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானே தொடங்கும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள்.

நிறுவும் வரிசை

ட்ரூநாஸுக்கும் ஓப்பன்மீடியாவால்ட்டுக்கும், நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைப் பலேனா எட்சர் என்ற மென்பொருளில் பென் டிரைவுக்கு எழுதுங்கள். தரவு டிஸ்க்குகளின் வயரைக் கழற்றிவிட்டு, பூட் எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது நிறுவுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்கும் வாய்ப்பே இருக்காது. முடிந்ததும் அணைத்து, டிஸ்க்குகளை இணைத்து, ரவுட்டரில் நாஸுக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள்.

ட்ரூநாஸில் முதலில் தொகுப்பை உருவாக்குங்கள். இரண்டு டிஸ்க் என்றால் மிரர் (இரண்டிலும் ஒரே பிரதி). நான்கு என்றால் ரெய்ட்இசட்2 (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும்) அல்லது இரண்டு மிரர். ரெய்ட்இசட் தொகுப்பில் பின்னர் ஒரு டிஸ்க் கூட்டும் வசதி 24.10 பதிப்பில் வந்துவிட்டது. இருந்தாலும் பழைய தரவு மறுபடி எழுதப்படும் வரை பழைய விகிதத்திலேயே இருக்கும். ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப் என்ற விருப்பத்தைத் தொடாதீர்கள், ரேமைத் தின்றுவிடும். பிறகு படங்களுக்கு ஒன்று, ஆவணங்களுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று என்று தனித்தனி டேட்டாசெட். அப்போதுதான் ஸ்னாப்ஷாட்டைத் தேவையானதற்கு மட்டும் வைக்க முடியும். 8 டெராபைட் வாங்கி 7.28 காட்டினால் பயப்பட வேண்டாம். எண்ணும் முறை வேறு, இடம் தொலையவில்லை.

ஓப்பன்மீடியாவால்ட்டில் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் ஓப்பன்மீடியாவால்ட், எல்லாம் சிறிய எழுத்தில். உள்ளே போனதும் முதலில் அதை மாற்றுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் மேலே மஞ்சள் பட்டை வரும். அதில் சரிக்குறியை அழுத்தும் வரை எதுவும் நடைமுறைக்கு வராது. ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) தெரியவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையைத்தான்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர், தனிக் கடவுச்சொல். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் ஷேர் வைத்தால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பெரும்பாலும் திறக்காது. கைபேசிப் படங்களைச் சேர்த்து வைக்க இம்மிச் என்ற ஆப் போடுங்கள். முகம் அறியும் வேலையும் செய்வதால் ரேம் 6 ஜிபியாவது அதற்கு மட்டும் இருக்கட்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு

விண்டோஸிலிருந்து நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் நிற்கின்றனவா? பெயரின் நீளத்தைப் பாருங்கள். விண்டோஸ் 255 குறிகள் வரை விடும். லினக்ஸ் நாஸில் எல்லை வழக்கமாக 255 பைட். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், துணைக்கால் கொம்பு எல்லாம் தனிக் குறி. ‘தீபாவளி’ நான்கெழுத்து, ஆனால் 21 பைட். ஆக ஐம்பது எழுத்தை நெருங்கும்போதே எல்லை வந்துவிடும். சைனாலஜியின் மறையாக்கிய பகிர்வு ஃபோல்டரில் இன்னும் குறுகல்: 143 பைட், அதாவது தமிழில் 47 குறி.

பழைய ஆப்பிள் மேக் டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. ‘போ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் உள்ள உயிர்க்குறியை மேக்கின் பழைய கோப்பு முறை இரண்டாகப் பிரித்து எழுதும். மற்றவை ஒன்றாக எழுதும். கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னால் தேதியை வைத்து ‘2024-10-31 தீபாவளி’ என்பது போலச் சுருக்கமாகப் பெயரிட்டால் நீளச் சிக்கலும் வராது, வரிசையும் ஒழுங்காக நிற்கும்.

வெளியிலிருந்து அணுகுவது, இரண்டாவது பிரதி

ரவுட்டரில் போர்ட் திறந்து நாஸை இணையத்துக்குக் காட்டாதீர்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்த பணயத் தாக்குதல்கள் இணையத்தில் நேராகத் தெரிந்த பெட்டிகளைத்தான் பிடித்தன. டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை நாஸிலும் கைபேசியிலும் நிறுவினால் போர்ட் எதுவும் திறக்காமல் எங்கிருந்தும் அணுகலாம். உங்கள் இணைய நிறுவனம் தனி முகவரி தராவிட்டாலும் வேலை செய்யும். திருச்சியில் இருக்கும் பெற்றோரின் கைபேசியையும் அதில் சேர்த்துவிட்டால் அவர்கள் எடுக்கும் படங்களும் இம்மிச் வழியாக இங்கே வந்து சேரும்.

மிரரும் பாரிட்டியும் பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். நீங்களே அழித்தால், வைரஸ் பூட்டினால், பெட்டியே எரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். படங்களும் ஆவணங்களும் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும். அக்கா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒற்றை டிஸ்க்கோடு ஒரு சிறு பெட்டியை வைத்து, டெய்ல்ஸ்கேல் வழியாக இரவில் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளையோ ஆர்சிங்க்கையோ ஓட்டலாம். முதல் முழுப் பிரதியை உங்கள் வீட்டிலேயே வயரில் எடுத்துவிட்டு, பிறகு அங்கே கொண்டுபோய் வையுங்கள். அது முடியாதவர்கள் யுஎஸ்பி டிஸ்க் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். செருகாமல் வைத்திருக்கும் டிஸ்க்கை அலமாரியில் போடாமல், கேமரா வைக்கும் டிரை பாக்ஸில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். நம்மூர் ஈரப்பதம் வெளிப்புறச் சர்க்யூட்டை அரித்துவிடும். மறையாக்கம் போட்டிருந்தால் சாவியையும் ரெஸ்டிக் கடவுச்சொல்லையும் காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும் இடத்தில் வைப்பது கட்டாயம். நாஸுக்குள்ளேயே வைத்த சாவியால் பயனில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். டிஸ்க் ஒன்று செத்துவிட்டதாக மென்பொருள் சொல்லும்போது அது சீரியல் எண்ணைத்தான் சொல்லும். அந்த ஸ்டிக்கர் இல்லாமல் ஊகத்தில் கழற்றினால், மிரரில் மிச்சமிருந்த நல்ல டிஸ்க் கையில் வந்துவிடும்.